புலன்கூச்சம் – ஆட்டிசமுடையோர் வாழ்வில் ஐம்பொறி அனுபவம்: ஓர் ஆய்வு

முன்னுரை

மனிதன் உலகை அறிவது ஐம்பொறிகளின் வழியேயாகும். மெய் தொட்டறிகிறது; வாய் சுவைத்தறிகிறது; மூக்கு முகர்ந்தறிகிறது; கண் கண்டறிகிறது; செவி கேட்டறிகிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகைப்படுத்தியபோது இப்பொறியறிவையே அளவுகோலாகக் கொண்டார். உற்றறிதலில் தொடங்கி, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஐந்தையும் அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைத்தார். பொறிகள் கொண்டுவந்து சேர்ப்பவற்றை ஏற்று, தொகுத்து, பொருள் காண்பது மனத்தின் பணி என்பதை இவ்வைப்பு முறை நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால், பொறிகள் கொண்டுவருவன எல்லார்க்கும் ஒரே அளவில் வந்து சேருமா? ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ், ஒரே மின்விசிறியின் ஓசையில் அமர்ந்திருக்கும் இருவர் ஒரே அனுபவத்தைத்தான் பெறுகின்றனரா? இவ்வினாவிற்கு, ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்து வளர்ந்தவர்கள் தரும் விடை நம் எண்ணத்தை மாற்றவல்லது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசமுடையவர். ஆயிரக்கணக்கானோர் பயிலும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் இவர்களுட் சிலர் இருத்தல் கூடும். ஆசிரியர்க்கு அவர்கள் பிடிவாதக்காரர்களாகத் தோன்றலாம். தோழர்க்குத் தனிமை விரும்பிகளாகத் தோன்றலாம். உறவினர்க்கு மரியாதை அறியாதவர்களாகத் தோன்றலாம். இத்தோற்றங்களுக்குப் பின்னே நிற்கும் புலனுணர்வு வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

ஆட்டிசம் என்னும் சொல் ‘தான்’ எனப் பொருள்படும் ‘ஆட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோயாளரிடம் கண்ட ஓர் இயல்பைச் சுட்ட இச்சொல்லை ஆக்கினார். புறவுலகை விட்டுத் தன்னுள்ளே ஒடுங்குதல் என்பதே அவர் கருதிய பொருள். பின்னர் இச்சொல் குழந்தைப் பருவத்திலேயே தோன்றும் வேறொரு நிலைக்குப் பெயராகி நிலைத்தது. பெயர் இடம் மாறியபோது அதன் பழம்பொருளும் உடன்வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழிலும் இதே போக்கினைக் காண்கிறோம். அரசின் படிவங்களிலும் நாளிதழ்களிலும் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்னும் தொடர் வழங்கி வருகிறது. இத்தொடரைப் படிக்கும் ஒருவர் மனத்தில் எழும் படம் யாது? கதவடைத்த வீடு ஒன்று, உள்ளே ஒருவர், வெளியில் நடப்பது எதுவும் அவரை எட்டுவதில்லை. அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967ஆம் ஆண்டு எழுதிய நூலுக்கு ‘வெற்றுக் கோட்டை’ எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்று அக்காலத்தில் பரவிய கருத்து, எத்தனையோ தாய்மாரைக் குற்றவுணர்வில் தள்ளியது. அக்கருத்து ஆய்வுலகால் பின்னர் முற்றும் கைவிடப்பட்டது. ஆயினும், மூடிய கதவு என்னும் அப்படம் மட்டும் மக்கள் மனத்தினின்று இன்னும் நீங்கவில்லை.

ஆட்டிசமுடையோர் தம் அனுபவத்தைத் தாமே எழுதத் தொடங்கியபோது வெளிப்பட்டதோ இதற்கு நேர்மாறான செய்தி. அவர்தம் கதவு மூடியிருக்கவில்லை, மூடவியலாதபடி திறந்திருந்தது. புறவுலகம் அவர்களை எட்டாமற் போகவில்லை. தாங்கும் அளவினும் மிகுதியாக வந்து தாக்கியது. இவ்வுண்மையை உணர்ந்த பின்னரே அவர்தம் நடத்தைகள் நமக்குப் பொருள்படத் தொடங்குகின்றன.

மருத்துவர்களின் முதற் குறிப்புகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் பற்றிய ஆய்வு வரலாற்றில் அது ஒரு தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. அக்குழந்தைகள் உரத்த ஓசைகளையும் அசையும் பொருள்களையும் கண்டு அஞ்சியதை அவர் குறித்துள்ளார். தூசு உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, குழாயில் ஓடும் நீர், முட்டை அடிக்கும் கருவி, வீசும் காற்று ஆகியனகூட அவர்களை நடுங்கச் செய்தன. அதே குழந்தை, தானே அத்தகைய ஓசையை எழுப்பும்போது மகிழ்ந்து விளையாடியதையும் அவர் கண்டார். எனவே, ஓசையன்று அச்சத்திற்குக் காரணம், தன் தனிமை கலைக்கப்படுவதே காரணம் என அவர் முடிவு கட்டினார்.

கேனர் கண்டது உண்மை. அவர் சொன்ன காரணமே இன்று மறு ஆய்வுக்கு உரியதாகிறது. தானே எழுப்பும் ஓசை எப்போது தொடங்கும், எப்போது முடியும், எவ்வளவு உயரும் என்பதை ஒருவர் முன்னரே அறிவார். பிறர் எழுப்பும் ஓசையோ அறிவிப்பின்றி வந்து விழுகிறது. “இவனே இவ்வளவு கத்துகிறான், நாம் மிக்சி போட்டால் மட்டும் காதைப் பொத்துகிறானே” என்று வீடுகளில் எழும் வியப்பிற்கு விடை இதிலேயே உள்ளது.

கேனரின் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டில், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் செருமன் மொழியில் தம் ஆய்வினை வெளியிட்டார். வெல்வெட், பட்டு, பஞ்சு, சாக்குக்கட்டி ஆகியவற்றைத் தொடுவதைச் சில சிறுவர்கள் வெறுத்தனர் என்றும், புதுச் சட்டையின் முரட்டுத்தன்மையையும் தைத்துச் செப்பனிட்ட காலுறையையும் அவர்களால் தாங்க இயலவில்லை என்றும் அவர் பதிவு செய்தார். ஓசைக்கு மிகவும் கூசுகின்ற அதே சிறுவர், வேறொரு பொழுதில் எதுவும் கேளாதவர் போல் இருத்தலையும் அவர் கவனித்தார்.

இவ்வாறு தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்தும், புலனுணர்வு வேறுபாடு நெடுங்காலம் ஒரு துணைச்செய்தியாகவே கருதப்பட்டது. பேச்சு, பழக்கம், உறவு ஆகியவற்றின் குறைகளே முதன்மை பெற்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டில், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் புலனுணர்வின் மிகையும் குறையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் தனித்த ஒன்றாக முறைப்படி இடம்பெற்றன. கேனர் எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. இங்கிலாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தான் ஆராய்ந்த ஆட்டிசமுடைய குழந்தைகளுள் 90 விழுக்காட்டினர்க்கும் மேற்பட்டோரிடம் இவ்வேறுபாடு இருந்ததை முன்னரே காட்டியிருந்தது.

உள்ளிருந்து வந்த சான்றுகள்

மருத்துவர் வெளியிலிருந்து கண்டதை, உள்ளிருந்து எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் டெம்பிள் கிராண்டின். இவர் 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். நான்கு வயதை நெருங்கும் வரை இவருக்குப் பேச்சு வரவில்லை. பிற்காலத்தில் கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1986இல் இவர் எழுதி வெளியிட்ட தன்வரலாற்று நூல், ஆட்டிசமுடைய ஒருவரின் அகவுலகை ஆய்வாளர்க்குத் திறந்துகாட்டியது.

பள்ளி மணியின் ஓசை, பல் மருத்துவரின் துளைகருவி நரம்பில் படுவது போன்ற வேதனையைத் தந்ததாக அவர் எழுதுகிறார். விழா நாள்களில் அணிவித்த உள்பாவாடை உப்புத்தாள் போல உடலை உரசியது. உறவினர் அன்போடு தழுவியபோது, அத்தழுவலை மனம் விரும்பியும் உடல் தாங்காமல் விலகியது. அன்பை வேண்டாதவர் விலகுவது வேறு. அன்பை வேண்டியும் தாங்க மாட்டாமல் விலகுவது வேறு. இவ்விரண்டையும் பார்ப்பவர் கண் ஒன்றாகவே காண்கிறது.

அரிசோனாவில் தம் உறவினர் ஒருவரின் கால்நடைப் பண்ணைக்குச் சென்றிருந்தபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் அழுத்தி நிறுத்தும் கூண்டினைக் கிராண்டின் கண்டார். அஞ்சி மிரண்ட மாடுகளுட் சில, அவ்வழுத்தத்தில் அமைதி கொண்டன. அதனைக் கொண்டு, தம் 18ஆம் வயதில், தாமே இயக்கக்கூடிய ஓர் அழுத்துபொறியைத் தமக்கெனச் செய்துகொண்டார். அழுத்தத்தின் அளவும் நேரமும் அவர் கையிலேயே இருந்தமையால், மனிதர் தழுவலில் கிட்டாத அமைதி அதில் அவருக்குக் கிட்டியது. மெல்லிய தொடுகை கூசச் செய்கிறது. உறுதியான, சீரான அழுத்தம் ஆற்றுகிறது என்னும் இவ்வுண்மையை 1992இல் ஓர் ஆய்வுக்கட்டுரையாகவும் அவர் வெளியிட்டார். இதே இயல்பை அடிப்படையாகக் கொண்டே கனமான போர்வைகள் இன்று சிலர்க்குப் பரிந்துரைக்கப்படுகின்றன.

ஆசுத்திரேலிய நாட்டு எழுத்தாளர் டோனா வில்லியம்ஸ் 1992இல் தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். காண்பதையும் கேட்பதையும் ஒருசேரச் செய்தல் தமக்கு அரிது என்றும், ஒன்றைக் கைக்கொண்டால் மற்றொன்று நழுவிவிடும் என்றும் அவர் விளக்கியுள்ளார். “என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்” என்று ஆசிரியர் அதட்டும்போது, முகத்தைப் பார்த்தால் சொல் கேளாது. சொல்லைக் கேட்டால் முகத்தைப் பார்க்க இயலாது என்னும் இக்கட்டில் ஒரு மாணவர் நிற்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

மிகையும் குறையும்

ஓசை அல்லது தொடுகை திரும்பத் திரும்ப வரும்போது அதனைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்வது மூளையின் இயல்பு. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை சிறிது நேரத்தில் நமக்குக் கேளாமற் போகிறது. அணிந்த சட்டையை உடல் மறந்துவிடுகிறது. இதனைப் பழகிப்போதல் எனலாம். கலிபோர்னியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், சொரசொரப்பான கம்பளித் துணியின் தொடுகையும் சாலைப் போக்குவரத்தின் ஓசையும் இளையோர்க்குத் திரும்பத் திரும்ப அளிக்கப்பட்டன. மற்றவர் மூளையில் எதிர்வினை படிப்படியே தணிந்தது. புலனுணர்வு மிகுந்த ஆட்டிசமுடையோர் மூளையிலோ, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியும் பொறியுணர்வுப் பகுதிகளும் அவ்வாறு தணியவில்லை. “கொஞ்ச நேரம் இருந்தால் பழகிவிடும்” என்னும் நம் அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கமாகும்.

பொறிகளை ஐந்தெனவே எண்ணுதல் நம் வழக்கம். இவற்றோடு, உடல் சாயாது நிற்கச் செய்யும் சமநிலை உணர்வு, கைகால்கள் எங்குள்ளன எனக் காட்டும் உறுப்புநிலை உணர்வு, பசி, தாகம், வெப்பம் போன்றவற்றை உணர்த்தும் உள்ளுடல் உணர்வு ஆகியவற்றையும் அறிவியலார் சேர்த்துரைப்பர். இவற்றுள் எதிலும் மிகை இருக்கலாம். எதிலும் குறை இருக்கலாம். ஒருவரிடமே இரண்டும் இருக்கலாம்.

மிகையுணர்வுடையவர்க்குக் குக்கரின் விசில், பட்டாசு, ஒலிபெருக்கியின் கீச்சொலி ஆகியன வலியாகவே அமைகின்றன. சட்டைக் கழுத்தின் பின்புறம் தைத்த சிறு துணி, நாளெல்லாம் முள்ளாய்க் குத்துகிறது. பழைய சோக்கு வைத்த டியூப் லைட், நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகிறது. பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படாத அத்துடிப்புச் சிலரை வருத்துகிறது. வெண்டைக்காயின் வழவழப்பு, சோற்றில் கலந்த தயிரின் குழைவு போன்றன சிலர்க்குக் குமட்டலைத் தருகின்றன. இதனை உணவின் மேல் கொண்ட செருக்கு என்று கொள்ளுதல் தகாது.

குறையுணர்வின் நிலை வேறு. சூடும் குளிரும் உறைப்பதில்லை. எலும்பு முறிந்தும் அழாத குழந்தை உண்டு. பல் சொத்தையானதைச் சொல்லத் தெரியாதவர் உண்டு. பசித்ததை அறியாமல் மாலை வரை உண்ணாதிருந்து, காரணம் விளங்காமல் எரிச்சலுறுவோரும் உளர். எனவே, வலி சொல்லவில்லை என்பதைக் கொண்டு வலியில்லை என முடிவு செய்தல் ஆபத்தானது. பழக்கத்தில் திடீர் மாற்றம் கண்டால், முதலில் உடலில் நோய் உண்டா என மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இவையன்றி, சில உணர்வுகளைத் தேடி நாடுதலும் உண்டு. ஊஞ்சலாடுதல், முன்னும் பின்னும் அசைதல், கை உதறுதல், ஒரு துணியைத் தடவிக்கொண்டே இருத்தல் போன்றவற்றை வெளியார் விசித்திரமாகக் காண்கின்றனர். தாறுமாறாய் வந்து விழும் உணர்வுகளினிடையே, தானே ஆளக்கூடிய சீரான ஓர் உணர்வை உண்டாக்கி மனத்தை நிலைப்படுத்துவதே இச்செயல்களின் பயன் என ஆட்டிசமுடையோர் பலர் விளக்கியுள்ளனர். பிறர்க்கோ தமக்கோ தீங்கு தராதவரை இவற்றைத் தடுத்தல் வேண்டுவதன்று.

கூசுதல் என்னும் சொல்

இந்நிலையைக் குறிக்கத் தமிழில் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வெயிலில் கண் கூசுகிறது என்கிறோம். புளியங்காய் கடித்தால் பல் கூசுகிறது என்கிறோம். தொட்டால் மேனி கூசுகிறது. தகாத சொல் கேட்டால் செவி கூசுகிறது. நாக் கூசாமல் பொய் சொன்னான் என்கிறோம். செய்த பிழையை எண்ணி மனம் கூசுகிறது. கண், பல், மேனி, செவி, நா, மனம் ஆகிய அனைத்திற்கும் பொதுவாக, தாங்கும் அளவை மீறிய ஒன்றின் முன் ஓர் உறுப்பு தானே சுருங்குவதை இவ்வொரு வினைச்சொல் உணர்த்துகிறது. எனவே, ஆட்டிசமுடையோரின் மிகையுணர்வைப் ‘புலன்கூச்சம்’ என வழங்குதல் பொருத்தமாகும் என இக்கட்டுரை கருதுகிறது.

இச்சொல்லுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கண் கூசும்போது ஒருவர் வேண்டுமென்று இமை மூடுவதில்லை. இமை தானே மூடுகிறது. அவரைப் பார்த்து யாரும் “ஏன் அடம் பிடிக்கிறாய்?” என்று கேட்பதில்லை. புலன்கூச்சம் என்று சொல்லும்போது அதே நேர்மை செவிக்கும் மெய்க்கும் கிட்டுகிறது.

கூச்சம் என்னும் சொல் நாணத்தையும் குறிக்கும். “கூச்ச சுபாவம்” என்று நாம் ஒதுக்கிவிடுவோருள், உண்மையில் கூட்டத்தின் இரைச்சலுக்குக் கூசி ஒதுங்குவோரும் இருக்கக்கூடும். பெண்பிள்ளைகளிடம் இம்மயக்கம் மிகுதி. அடக்கம் எனப் பாராட்டப்படும் மௌனத்தின் கீழ் ஆட்டிசம் அறியப்படாமலே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இன்னும் இரு சொற்கள் எண்ணத்தக்கன. தொடுவுணர்வைக் குறிக்கும் ‘ஊறு’ என்னும் சொல்லே தீங்கு என்னும் பொருளிலும் வழங்குகிறது. மணம் என்னும் பொதுப்பொருளில் பண்டு வழங்கிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தை மட்டுமே குறிக்கிறது. ஒருவர்க்குத் தொடுகையாய் இருப்பது மற்றொருவர்க்குத் தீங்காகவும், ஒருவர்க்கு நறுமணமாய் இருப்பது மற்றொருவர்க்குத் தாங்கவொண்ணாததாகவும் இருத்தல் கூடும் என்பதனை இச்சொற்களை முன்வைத்து மாணவர்க்கு எளிதில் விளக்கலாம்.

அடமும் கொந்தளிப்பும்

புலன்கூச்சத்தின் சுமை எல்லை கடக்கும்போது நிகழ்வதைப் பிழையாகப் புரிந்துகொள்வதே பெருந்துன்பங்களுக்கு வழிவகுக்கிறது. அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் உண்டு. பொம்மை வேண்டும் என அழும். யாரேனும் பார்க்கின்றனரா என இடையே நோக்கும். பொம்மை கிடைத்தால் அழுகை நிற்கும். கொந்தளிப்புக்கு நோக்கம் இல்லை. வேண்டியதைக் கொடுத்தாலும் நிற்பதில்லை. பார்ப்பவர் இல்லாவிடினும் நிற்பதில்லை. தணிந்தபின் மிகுந்த சோர்வே எஞ்சும். சிலர் கொந்தளியாமல், பேச்சடங்கி அசைவற்று ஒடுங்கிவிடுவர். கேட்ட வினாவிற்கு அப்போது விடை வாராதது திமிர் அன்று. சொல் அவர் வசம் இல்லை.

அடத்திற்கென நாம் வைத்திருக்கும் மருந்து கண்டிப்பு. கொந்தளிப்பின்போது அதே கண்டிப்பைப் பயன்படுத்தினால், உரத்த குரல் மேலும் ஓர் ஓசையாகவும், அடி மேலும் ஒரு தொடுகையாகவும் சுமையைக் கூட்டுகின்றன. அவ்வேளையில் செய்யத்தக்கன மிகச் சிலவே. விளக்கைக் குறைத்தல், ஓசையை நிறுத்துதல், கூட்டத்தை விலக்குதல், தொடாதிருத்தல், பேச்சைக் குறைத்தல், காத்திருத்தல். காரணம் கேட்பதும் அறிவுரை கூறுவதும் தணிந்த பின்னர்ச் செய்யத்தக்கன.

ஒரு நாளின் சுமை

வளர்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஆட்டிசமுடைய கல்லூரி மாணவர் ஒருவர் காலையில் நெரிசலான பேருந்தில் ஏறுகிறார். காற்றொலிப்பான், டீசல் புகை, மேனியில் உரசும் தோள்கள். வகுப்பில் அறுபது பேரின் முணுமுணுப்பு, கறகறக்கும் மின்விசிறி, துடிக்கும் குழல்விளக்கு. இவற்றினிடையே ஆசிரியர் குரலை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். உணவு இடைவேளையில் உணவகத்தின் இரைச்சலும் பல்வகை மணங்களும். பிற்பகலில் ஓர் எளிய வினாவை ஆசிரியர் கேட்கிறார். மாணவர் திகைத்து நிற்கிறார். காலையில் அதனினும் கடிய வினாவிற்கு விடை சொன்னவர் அவரே.

அறிவு காலைக்கும் மாலைக்கும் இடையே குறைந்துவிடவில்லை. சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடியுள்ளன. நேற்று தாங்கியதை இன்று தாங்கவில்லை என்பதால் அது நடிப்பு ஆகாது. உறக்கமின்மை, நோய், தேர்வு அச்சம் ஆகியன கூடும்போது தாங்கும் எல்லை குறைகிறது.

இச்சுமையை வெளிக்காட்டாமல் மறைத்து, பிறரைப் போலவே நடந்துகொள்ளப் பலர் முயல்கின்றனர். வெளியில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டிற்கு வந்ததும் உடைந்துபோவோர் உளர். “பள்ளியில் நன்றாகத்தானே இருக்கிறான், வீட்டில்தான் சிக்கல்” என்னும் குற்றச்சாட்டு, வீட்டைப் பழிப்பதில் முடிகிறது. இவ்வாறு நெடுங்காலம் மறைத்து வாழ்தல் பெருஞ்சோர்வையும் மனத்தளர்ச்சியையும் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

செய்யத்தக்கன

முதற்கண் வேண்டுவது நம்புதல். ஒருவர் வலிக்கிறது என்றால், நமக்கு வலிக்கவில்லை என்பது மறுப்பாகாது. பேச இயலாதவர் காதைப் பொத்துதலும் ஓர் உரையே. செவிச்சோதனையில் குறையில்லை என வந்தால், செவி நன்கு கேட்கிறது என்பதே அதன் பொருள். கேட்பது வலிக்கவில்லை என்பதன்று.

வீட்டில் மிக்சி, கிரைண்டர் இயக்குமுன் ஒரு சொல் அறிவித்தல் நன்று. துணியின் அடையாளப் பட்டையை வெட்டிவிடலாம். பலமுறை துவைத்த மென்பருத்தி உடை தரலாம். ஒத்துக்கொள்ளும் உணவோடு புதியதைச் சிறிது சிறிதாக, வற்புறுத்தலின்றி வைக்கலாம். காதுக்கவசம் வேண்டிய இடங்களில் உதவும். எனினும் அமைதியான இடங்களிலும் நாள் முழுதும் அணிதல் வேண்டுவதன்று.

அமெரிக்க அறிஞர் ஜீன் ஏயர்ஸ் (1920–1988) வகுத்த புலனொருங்கிணைப்புப் பயிற்சியை ஆக்குபேஷனல் தெரபி மருத்துவர்கள் அளித்து வருகின்றனர். சிலர்க்கு இது பயன்தருகிறது. எனினும், இதன் பயனுக்கான ஆய்வுச் சான்று குறைவு என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்குமாறு 2012இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு அறிவுறுத்தியது. எனவே ஒரு குறிக்கோளை வரையறுத்து, சில மாதங்களில் பயன் காண்கிறதா என நோக்கித் தொடர்தலே முறை. ஆட்டிசத்தையே நீக்கிவிடுவோம் என விளம்பரம் செய்வோரிடம் பொருளை இழத்தல் கூடாது.

கல்லூரியில் செய்யத்தக்கன பெருஞ்செலவு வேண்டாதவை. துடிக்கும் விளக்கையும் ஓசையிடும் விசிறியையும் செப்பனிடுதல், கதவருகே இருக்கை அளித்தல், சொல்லாமலே வெளியே சென்று மீள இசைவு தருதல், வாய்மொழி அறிவிப்பை எழுத்திலும் தருதல், நூலகத்தில் ஒரு மூலையை அமைதிக்கென ஒதுக்குதல், தேர்வுக்குச் சிறிய தனியறை அளித்தல் ஆகியன அவற்றுட் சில. இவை மற்ற மாணவர்க்கும் நன்மையே செய்யும்.

பிற நாடுகளில் பொது இடங்களும் மாறி வருகின்றன. 2016இல் இலண்டன் கேட்விக் விமான நிலையம், வெளித்தெரியாக் குறையுடையோர் அணிவதற்கெனச் சூரியகாந்திப் பூப் பொறித்த கழுத்துப்பட்டையை அறிமுகம் செய்தது. அதனைக் காணும் பணியாளர் குறிப்பறிந்து உதவுவர். 2018இல் இங்கிலாந்தின் மாரிசன்ஸ் அங்காடிகள், இசையை நிறுத்தி விளக்கைத் தணித்து, வாரத்தில் ஒரு மணிநேரத்தை அமைதி நேரமாக நடத்தத் தொடங்கின.

நம் ஊர்ப் பெரியோர் இத்தகையனவற்றை எளிதில் செய்யலாம். திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி எட்டாத ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். பெருநாளன்று மார்போடு அணைத்து வாழ்த்துவது நம்மிடையே அன்பின் அடையாளம். ஓர் இளைஞர் சற்று விலகி நின்றால் அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல், வாயால் சொல்லும் சலாமோடு நிறைவு கொள்ளலாம். அத்தரின் மணம் ஒரு குழந்தைக்கு ஒவ்வாதெனின் அக்குழந்தையைக் கடிந்துகொள்ளாதிருக்கலாம்.

சட்டம் தரும் உரிமை

இவை இரக்கத்தால் மட்டும் அளிக்கப்படுவன அல்ல. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசமுடையோரை உள்ளடக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துதருதல் கடமை என்பதையும் அது வரையறுத்தது. அரசுக் கல்லூரிகளும் அரசு உதவிபெறும் கல்லூரிகளும், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாட்டுச் சான்றுடையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். எழுத்துத் தேர்வுகளில் இத்தகையோர்க்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் அளிக்க 2018இல் நடுவண் அரசு நெறிமுறை வகுத்தது. சான்றிதழ் பெறுவதும் விண்ணப்பிப்பதும் அறியாமல் இவ்வுரிமைகளை இழக்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டுதல் படித்தோர் கடனாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. ஆட்டிசமுடையோர் புறவுலகை அறியாதவர் அல்லர். பலர் அதனை மிகுதியாக உணர்பவர். அவர் விலகுதல் வெறுப்பினால் அன்று; கூச்சத்தினால். மிகையும் குறையும் ஒருவரிடமே கலந்திருக்கலாம். நாளுக்கு நாள் மாறலாம். அவரை நம் உலகிற்குப் பழக்குவதோடு நில்லாமல், நம் உலகின் இரைச்சலையும் சிறிது தணித்தல் வேண்டும். ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடரைத் தமிழ் கற்றோர் மறு ஆய்வு செய்து, உண்மைக்குப் பொருந்திய சொற்களை வழக்கிற்குக் கொண்டுவருதல் வேண்டும். நாளை நம் வகுப்பில் ஒரு மாணவர் காதைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தால், அவரை எழுப்பி நிறுத்துமுன் விசிறியின் ஓசையை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்போமாக.